மிருதுளா வந்தால் கரண்ட் போகிறது

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரி ஜனவரியில் என் மகன் சிபி அவன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து போட்டது. பால் கணக்குக்கூட எழுதாமல் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருக்கிறது.

சிபி இன்று அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தான். பெயர் மிருதுளா. கோயமுத்தூரில் கரண்ட் பெட்டிகள் செய்கிற கம்பெனியில், செய்த பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்கும் உத்தியோகமாம். என் மகன் தானாகப் பெண் பார்த்துக்கொண்டான், பார்த்துக்கொள்ளட்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் அண்ணன் மகளுக்கென்று நான் எடுத்து வைத்த பட்டுச் சேலை பீரோவிலேயே கிடக்கட்டும். அவளுக்குப் போன தையிலேயே வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது, அது வேறு விஷயம்.

வருகிறவள் குறை சொல்லிவிடக் கூடாதே என்று ஹாலில் ஏசியைப் போட்டேன். சமையலறையில் கரண்ட் அடுப்பில் பாயசம். பக்கத்திலேயே கிரைண்டர். கை கழுவ வெந்நீர் வரட்டும் என்று கீசரும். அவள் வாசலில் காலை வைத்தாள். "வாம்மா" என்று சொன்ன வாயை நான் மூடவில்லை, பட்டென்று எல்லாம் நின்றுவிட்டது.

வேறு பெண்ணாயிருந்தால் ஓரமாக உட்கார்ந்து சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும். இவள் செருப்பைக் கழற்றின கையோடு, "பெட்டி எங்கீங்க அத்தை இருக்குது?" என்றாள். எடுத்த எடுப்பில் அத்தை! கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"பெரிய சுவிட்ச் விழலீங்க. இந்தச் சின்னதுதான் விழுந்திருக்கு. ஒரே நேரத்துல அத்தனையும் ஓடுனா தாங்காதுங்க. கீசரை அமத்திட்டுப் போட்டா நிக்கும்."

நின்றது. என் வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து ஒரு தடவையாவது அப்படிச் சிரித்திருப்பாரா?

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சகுனம் என்று ஒன்று இருக்கிறதே.

ஜூன் 9, திங்கள்

பூஜைச் சாமான் கடைக்குப் போய்ப் பெரிய படிகாரக் கட்டியாகப் பார்த்து வாங்கிவந்தேன். கறுப்புக் கயிற்றில் கட்டி நிலைக்கு மேலே தொங்கவிட்டால் எந்தக் கண்ணும் உள்ளே வராது. ஆணி அடிக்கச் சொன்னால் இவர், "சாயங்காலம் பாக்கலாம் வசந்தா" என்றார். இவருடைய சாயங்காலம் இந்த ஜென்மத்தில் வராது.

நானே ஸ்டூல் போட்டு ஏறினேன். நிலைக்கு நேர் மேலே சுவரில் அடித்தால் ஆணி இறங்கவே மாட்டேன் என்றது. ஒரு விரற்கடை தள்ளி வைத்து அடித்தேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி, கயிறு மாட்டத் தலை மட்டும் வெளியே நிற்க, உள்ளே போய்விட்டது. எல்லாம் கைராசி.

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய் அல்லவா, வாசலைக் கழுவி, நிலைக்கு மஞ்சள் பூசி, மஞ்சள் தண்ணீரை மேலே படிகாரத்தின் மீதும் நன்றாகத் தெளித்துவிட்டேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வெளியே போர்ட்டிகோ லைட்டைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கொஞ்ச நேரத்தில் வீடே இருட்டு. இந்தத் தடவை பெட்டியில் விழுந்திருந்தது அந்தப் பெரியது.

அந்த நேரம் சிபி மாடியில் யாரோடு போன் பேசிக்கொண்டிருந்தான் தெரியுமா? அவளோடுதான். வர வேண்டியதுகூட இல்லை, பேசினாலே போகிறது!

ஜூன் 13, வெள்ளி

பெண்ணைப் பெற்றவர்களையும் வரச் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று நானேதான் சொல்லியிருந்தேன். முறை தெரியாதவள் என்று யாரும் என்னைப் பேசிவிடக் கூடாது. காலையிலேயே வாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு, வெல்லமும் மாவும் கலந்து கச்சாயம் சுட்டு, சாயங்காலம் அவர்கள் கார் வந்து நின்றதும் போர்ட்டிகோ லைட்டைப் போட்டேன்.

பெண்ணின் அம்மா தாம்பாளத்தை நீட்டுகிறார், நான் கையை நீட்டுகிறேன், போச்சு. தாம்பாளத்தை யார் பிடித்திருக்கிறோம் என்று இருவருக்குமே தெரியவில்லை. ஆப்பிள் ஒன்று உருண்டு சோபாவுக்கு அடியில் போனது.

இவர் போய்ப் பெரியதைத் தூக்கிவிட்டார். விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. "எல்லா சுவிட்சையும் அமத்திட்டுத் தூக்குங்க மாமா" என்று மிருதுளா குரல் கொடுத்தாள். அப்படிச் செய்ததும் நின்றது. ஹால் லைட்டை மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். வெளி லைட்டைப் பிறகு யாரும் நினைக்கவில்லை.

"இது லோடு இல்லீங்க அத்தை. எங்கியோ கரண்ட் கசியுது. ஒரு ஸ்டூல் இருந்தாக் குடுங்க, பாத்தர்றேன்" என்று எழுந்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண் பேச வந்த இடத்தில், பெற்றவர்களுக்கு எதிரிலேயே, ஸ்டூல் மேல் ஏறுகிறாளாம்!

"விருந்தாளியா வந்தவங்க ஸ்டூல் மேல ஏறக் கூடாது. உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அவர்கள் போனதும் சிபி என்னிடம் வந்து, "என்னம்மா முடிவு?" என்றான். நான் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "அந்தப் பொண்ணு வர்றப்பெல்லாம் வீடு இருண்டு போகுது. இன்னும் ரெண்டு வெள்ளிக்கிழமை பாக்கலாம். அவ வந்து, கரண்ட் போகாம ஒரு தடவை இருந்துட்டாச் சரி, நானே தேதி குறிக்கறேன். இல்லீனா ஆடி பொறந்துரும். அதுக்கப்பறம் இந்தப் பேச்சே வேண்டாம்."

"ஏம்மா, ஈ.பி.காரன் கையிலயா எங்கல்யாணத்தக் குடுக்கறே?" என்று கத்திவிட்டு மாடிக்குப் போய்விட்டான். சாப்பிட வரவில்லை. நானும் சாப்பிடவில்லை. இவர் சாப்பிட்டார்.

ஜூன் 14, சனி

சிபி என்னோடு பேசவில்லை. இட்லியோடு மட்டும் பேச்சுவார்த்தை இருக்கிறது.

ஜூன் 16, திங்கள்

எலக்ட்ரீசியன் ரங்கராஜு வந்தார். நல்ல வெயில். வீடு கட்டிய காலத்திலிருந்து கரண்ட் வேலைக்கெல்லாம் அவர்தான். வந்ததும் மிக்சியைத் தூக்கி மூக்கில் வைத்து மோந்து பார்த்து, "இதுதானுங்க்கா" என்றார். மிக்சியை ஓரங்கட்டி வைத்தோம். பிறகு கிரைண்டரைத் தட்டிப் பார்த்து, "இதாத்தான் இருக்கோணும்" என்றார். காப்பி குடித்த பிறகு ஃபிரிட்ஜ் மேல் சந்தேகம் போனது. சொன்ன சாமானையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஒன்றுகூட விழவில்லை. பட்டப்பகலில் எது விழும்?

"அடுத்த தடவை விழறப்ப என்னென்ன ஓடிட்டிருந்துச்சுன்னு எழுதி வைங்க்கா" என்றார். எழுதத்தானே இந்த டைரி இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

விழுந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்தவை: ஹால் ஃபேன், டிவியில் சீரியல், ஃபிரிட்ஜ், போர்ட்டிகோ லைட், இவருடைய வாய்.

இன்னொரு விஷயம். இதை ரங்கராஜுவிடம் சொல்லப் போவதில்லை, அவருக்குப் புரியாது. மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, விளக்கு வைத்ததும் ஸ்டூலில் ஏறிப் படிகாரக் கயிற்றில் மல்லிகைச் சரம் சுற்றினேன். விரல் ஆணியில் பட்டதுதான் தாமதம், சுருக்கென்று முழங்கை வரைக்கும் இழுத்தது. அதே நொடியில் கரண்டும் போனது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. படிகாரத்துக்கு இப்படியொரு சக்தியா! கடைக்காரர் சாதாரணக் கட்டி என்று சொல்லித்தான் கொடுத்தார். உள்ளே வரப் பார்த்த கண்ணும் இதன் சக்தியும் மோதியிருக்க வேண்டும்.

கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

ஜூன் 20, வெள்ளி

மிருதுளா வந்தாள். சிபியோடு, பெற்றவர்கள் இல்லாமல். காலையில் வாசல் கழுவும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஈரம். போர்ட்டிகோ லைட்டைப் போட்டதும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

சிபி அப்படியே படியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். மிருதுளா பெட்டிப் பக்கம் போகக் காலெடுத்து வைத்தாள், பிறகு என்னைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டாள். "ஏறலீங்க அத்தை. நான் விருந்தாளி" என்றாள். கிண்டல் செய்கிறாளா, நிஜமாகவே சொல்கிறாளா என்று தெரியவில்லை.

குத்துவிளக்கைச் சமையலறைக்கு எடுத்துப் போய், அந்த வெளிச்சத்தில் கச்சாயம் சுட ஆரம்பித்தேன். அவளும் வந்து என் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுடச் சுட எடுத்துத் தின்றாள். நாசூக்கு பார்த்துத் தின்கிற பெண் இல்லை. "எங்கம்மா சுட்டா கல்லு மாதிரி இருக்குமுங்க. அத எங்கம்மாகிட்டச் சொல்லீறாதீங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருட்டில் தெரிந்திருக்காது.

அப்புறம் சின்னக் குரலில், "கரண்ட் போனாத்தான் நீங்க என்கூடப் பேசறீங்க அத்தை" என்றாள்.

எண்ணெய் காய்கிறது, தள்ளி உட்கார் என்றேன்.

ஜூன் 21, சனி

இன்னும் ஒரு வெள்ளிக்கிழமைதான் இருக்கிறது. சிபி நேற்றிலிருந்து தாடியை வழிக்கவில்லை.

ஜூன் 23, திங்கள்

ரங்கராஜுவுக்குப் போன் செய்தேன். இவரும் சிபியும் இல்லாத நேரம் பார்த்துத்தான்.

"ரங்கராஜு, என்ன பண்ணுவியோ தெரியாது. வர்ற வெள்ளிக்கிழமை கரண்ட் போகக் கூடாது."

"ஒரு வழி இருக்குங்க்கா. அந்தப் பெருச மட்டும் கழட்டிட்டு, லைனை நேராக் குடுத்தர்றேன். அப்பறம் ஜென்மத்துக்கும் விழாது."

"அதப் பண்ணு."

எழுதி வைக்கிறேன், பிறகு யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. இது யாருக்காகவும் இல்லை. அடிக்கடி கரண்ட் போய் ஃபிரிட்ஜில் தயிர் புளித்துப்போகிறது. அதற்காகத்தான்.

பட்டுச் சேலையை எடுத்து வெளியே காற்றாடப் போட்டேன். பூச்சி அரித்துவிடக் கூடாதே.

ஜூன் 27, வெள்ளி

இன்றைக்கு நிறைய எழுத வேண்டும்.

வாசல் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தாயிற்று. மத்தியானம் சாப்பாடானதும் ரங்கராஜு வந்தார். அவர் பெட்டியின் மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது சிபி மாடியிலிருந்து வந்து பார்த்துவிட்டு என்னவென்று கேட்டான். நான் சொன்னேன். "அம்மா... நீயா?" என்று சிரித்தவன், வெளியே போய் அவளுக்குப் போன் பண்ணிவிட்டான். சந்தோஷத்தில் சொல்லியிருக்கிறான், மடையன். சாயங்காலம் வர வேண்டிய அவள் அப்போதே பஸ்ஸில் ஊர்ப் பக்கம் வந்துவிட்டிருக்கிறாள். ஸ்டாண்டில் இறங்கி ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். ரங்கராஜு காப்பி குடித்துவிட்டுப் பெட்டியில் மறுபடி கை வைத்த நேரம், செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அண்ணா, கைய எடுங்க. அதத் தொடாதீங்க."

ரங்கராஜு கையில் ஸ்குரூடிரைவரோடு திரும்பிப் பார்த்தார். "அக்காதான் சொன்னாங்கம்மா."

நான் முன்னால் வந்தேன். "நாந்தான் சொன்னேன். அது இருந்தாத்தான கரண்ட் போகுது? எடுத்துட்டா இன்னிக்குப் போகாது. உனக்கு நல்லதுதான?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். தயிருக்காக என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்.

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனால் குரல் கலங்கவில்லை. "அது சும்மா விழறதில்லீங்க அத்தை. எங்கியோ கரண்ட் வெளிய வருது, யாரும் தொட்டுறக் கூடாதுன்னுதான் விழுந்துட்டே இருக்குது. அதக் கழட்டிட்டா இன்னிக்கு லைட் எரியும், எனக்குக் கல்யாணமும் நடக்கும். நாளைக்கு ஈரக் கையோட நீங்க எதையாச்சும் தொட்டா? எனக்கு இந்தக் கல்யாணம் நடக்காட்டியும் பரவால்லீங்க. அது இல்லாத வீட்டுல நீங்க இருக்கக் கூடாது."

இவர் கையிலிருந்த பேப்பர் கீழே விழுந்தது.

அவள் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். ரங்கராஜு மூடியைத் திரும்ப மாட்டினார். எல்லாச் சுவிட்சையும் அமத்தச் சொல்லி, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னாள். ஹால் ஃபேன், நின்றது. சமையலறை, நின்றது. என் மிக்சியும் நின்றது, பாவம், அதைப் போய்ச் சந்தேகப்பட்டோம். "போர்ட்டிகோ லைட் போடுங்க மாமா" என்றாள். இவர் போட்டார். பட்!

"பகல்ல இத யாரும் போட்டுப் பாத்திருக்க மாட்டீங்க" என்றாள். ரங்கராஜு தலையைச் சொறிந்தார். வயர் வாங்கிவரச் சொல்லி அவரையும் சிபியையும் கடைக்கு அனுப்பினாள். இவரை மாடிக்கு அனுப்பி, தண்ணீர் தேங்கியிருக்கிறதா பார்க்கச் சொன்னாள். பிறகு மெயினை அமத்திவிட்டு, வாசலுக்கு வந்து, அண்ணாந்து பார்த்தாள். காலையில் தெளித்த மஞ்சள் தண்ணீர் படிகாரத்தில் இன்னும் காயாமல் இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். நான் வாயைத் திறக்குமுன்பே, "இன்னிக்கு நான் விருந்தாளியா வரலீங்க அத்தை" என்று சொல்லி ஏறிவிட்டாள்.

ஆணியைப் பிடித்து அசைத்துப் பார்த்தாள். பெட்டிக்குப் பக்கத்துச் சுவிட்சையும் வெளி லைட்டையும் பார்த்தாள். கண்ணாலேயே சுவருக்குள் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோடு நேராக என் ஆணியின் மேல் வந்து நின்றது.

"இதத் தொட்டப்ப எப்பவாச்சும் சுருக்குன்னுச்சுங்களா அத்தை?"

"ஒரு தடவை. நான்... படிகாரத்தோட சக்தின்னு நெனச்சேன்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து இறங்கி என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஏதோ எனக்கு இப்போதுதான் அடிபட்டது போல. "அந்தப் பெருசு மட்டும் அன்னிக்கு விழலைன்னா..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ரங்கராஜுவின் ஸ்குரூடிரைவர் எனக்குக் கண் முன்னால் வந்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுபடி ஏறிக் குறடால் ஆணியைப் பிடுங்கினாள். அதை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். அவ்வளவுதான்.

கடைக்குப் போனவர்கள் வந்தார்கள். "என்ன ஆச்சு? எங்க இருந்துச்சு?" என்று சிபி பரபரத்தான். நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

"சாரல்ல சுவத்துக்குள்ள ஈரம் எறங்கியிருக்குது. போர்ட்டிகோ வயர் கெட்டுப்போச்சு. மாத்திட்டாச் சரியாப் போயிரும்" என்றாள். என் பக்கமே திரும்பவில்லை.

ரங்கராஜு புது வயரை இழுத்து மாட்டிக் கொடுத்தார். விளக்கு வைக்கும் நேரம் வந்தது. நான் வேண்டுமென்றே இன்னொரு செம்பு மஞ்சள் தண்ணீரை நிலை முழுக்கத் தெளித்தேன். பிறகு போர்ட்டிகோ லைட்டைப் போட்டேன். எல்லாரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். சிபி மூச்சுவிடவில்லை. சீரியல் முடிந்தது. கச்சாயம் தீர்ந்தது. சாரல் வந்து போனது. லைட் எரிந்துகொண்டே இருந்தது.

"ஆடிக்கு முன்னாடி நல்ல நாள் எப்ப வருதுன்னு காலண்டரைப் பாருங்க" என்று இவரிடம் சொன்னேன்.

சிபி என்னைத் தூக்கிச் சுற்றினான். இறக்கிவிடுடா, சேலை அவிழுது என்று கத்தினேன்.

பட்டுச் சேலையை அவளிடம் கொடுத்தேன். யாருக்கு எடுத்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மின் பழுதுக்குக் காரணம்: ஈரம். ரங்கராஜு கேட்டால் காட்ட எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூன் 28, சனி

காலையில் இவர் வாசலில் அண்ணாந்து நின்றுகொண்டு, "ஏன் வசந்தா, ஈரம் இவ்வளவு வட்டமா ஓட்டை போடுமா?" என்றார்.

சுண்ணாம்பைக் குழைத்து அடைத்துவிட்டேன். ஓட்டையைத்தான். இவர் வாயை அடைக்கக் காப்பி தேவைப்பட்டது.

ஜூலை 4, வெள்ளி

இன்றைக்கு நிச்சயம். பத்துப் பாத்திரம் தேய்க்க ஆள் வரவில்லை, பந்தல்காரர் நாற்காலி குறைச்சலாகக் கொண்டுவந்தார், சர்க்கரைப் பொங்கலில் முந்திரி கருகிவிட்டது. மற்றபடி எல்லாம் ஜோர். பெண் வீட்டார் காலையில் வருவதாக ஏற்பாடு. மிருதுளா மட்டும் முன்னாடியே வந்துவிட்டாள். சீரியல் பல்புக்கெல்லாம் தனியாக லைன் எடுக்க வேண்டுமாம். நிச்சயத்துக்கு வந்த பெண் அந்தப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு கையில் டெஸ்டரோடு நிற்கிறது. என் நாத்தனார் வாயில் விரல் வைத்தாள். வைத்துக்கொள்ளட்டும்.

அத்தனை சொந்தக்காரர் கண்ணும் ஒரே நாளில் வந்து விழப் போகிறது. படிகாரம் இல்லாமல் எப்படி? புதுக் கட்டி வாங்கிக் கயிறு கட்டித் தயாராக வைத்திருந்தேன். ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஸ்டூலைப் போட்டேன். நிலையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். எங்கே அடிப்பது? எந்தப் பக்கம் பார்த்தாலும் சுவருக்குள் வயர் ஓடுகிற மாதிரியே இருக்கிறது.

வாசலில் பாதி ஊர் நிற்கிறது. பரவாயில்லை என்று, "கண்ணு, மிருதுளா! இங்க வா" என்று கூப்பிட்டேன்.

வந்தாள். கையில் சுத்தியலைக் கொடுத்தேன்.

நாத்தனார், "ஏனுங் அண்ணி, பொண்ணப் போயி..." என்று ஆரம்பித்தாள்.

"அவ ஒண்ணும் விருந்தாளி இல்ல" என்றேன். "நீ ஏறு கண்ணு. எங்க அடிக்கலாம்னு உனக்குத்தான் தெரியும்."

ஸ்டூலை நான் பிடித்துக்கொண்டேன்.